கரிக்கவசம்

எமது கல்லூரியின் வைர விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே வரைவோம் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். தலைப்பைக் கண்ட அன்பர்களும், போர்க்களத்து யானைக்கு அணிவித்த கவசம் பற்றியது போலும் என்று எண்ணியிருப்பர். கரி என்பது யானையைக் குறிக்கும். சான்று கூறுவோனைக் குறிக்கும். அடுப்பிற் கிடக்கும் கரியையும் குறிக்கும். யாம் ஈண்டு எழுத எடுத்துக்கொண்டது மூன்றாவது கரியைப் பற்றி. இயந்திரங்களின் உருக்குப் பாகங்கள் தேயாதிருத்தற்பொருட்டு, தலைமயிரின் தடிப்பில் முப்பதிலொரு பங்குகூட இல்லாத கரிப்பூச்சு ஒன்றை இக்காலத்தார் அவற்றுக்கு அணிவிக்கின்றனர். அதனுள்ளே தங்குதன், குரோமியம் முதலிய உலோகங்களையும் விரவுகின்றனர். அப்பூச்சின் உள்ளமைப்பை இலத்திரன் நுணுக்குக்காட்டி எவ்வாறு காட்டிற்று என்பதே பொருள். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரம் ஒன்றையே கையில் உடைய எமக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், அவர் தீவகத்தார் அல்லர் என்க.

தீவகத்தின் நிலையை அறியாத அன்பர்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்பன தாம்போதிகளினால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துவிட்டன. நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் எழுவைதீவும் இன்றும் கடலின் நடுவே தனித்தே கிடக்கின்றன. புங்குடுதீவின் மேற்கெல்லையாகிய குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குக் கால்மணி நேரத்திற் சென்றுவிடலாம். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒருமணி நேரம் வேண்டும். சோளகம் வீசுங் காலத்தில் அதற்கு மேலும் ஆகும். நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் கடும் நோயாளரைக் கடல் கடந்தே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். பரீட்சை வினாத்தாளும் படகில் வரும். பாணும் படகில் வரும். பிரேதமும் படகில் வரும். பாய்விரித்தோடிய காலம் போய்விட்டது. படகின் உயிர் இப்போது டீசல் இயந்திரம். அவ்வியந்திரத்தின் உயிர், பென்சிலின் தடிப்புக்கூட இல்லாத ஓர் உருக்கு ஊசியின் நுனியில் இருக்கின்றதென்பதை யாம் நாற்பது வயதுக்குப் பின்னரே அறிந்தோம்.

2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், நயினை நாகபூசணி அம்பாள் திருவிழாவுக்கென்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் ஜேர்மனியிலிருந்து வந்திருந்தார். இக்கல்லூரியில் யாமிருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். பின்னர் அவர் விஞ்ஞானப் பிரிவுக்குச் சென்றார். யாம் கலைப் பிரிவுக்குச் சென்றோம். அவர் இப்பொழுது உலோகங்களின் மேற்பரப்புக்குப் பூச்சிடும் கலையை ஆராயும் கூடமொன்றிற் பணியாற்றுகின்றார். தேர் முடிந்த பின் நெடுந்தீவைக் காணவேண்டுமென்றார். பெருக்குமரத்தையும் குதிரைகளையும் கல்வேலிகளையும் காட்டினோம். மீளும்போதுதான் அஃது நிகழ்ந்தது. நடுக்கடலில் எமது படகின் இயந்திரம் கரும்புகை கக்கி, இருமி, நின்றுவிட்டது. நெஞ்சு நோவென்று துறையிலேயே சாய்ந்திருந்த முதியவர் ஒருவரும் அவர் மகளும் அப்படகிலே இருந்தனர். முக்கால் மணி நேரம் அலையிற் கிடந்தோம். அம்மகள் ஒன்றும் பேசவில்லை; தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தபடி இருந்தாள். பின்னர் வந்த வேறொரு படகு கயிறிட்டு எம்மை இழுத்துச் சென்றது. முதியவர் பிழைத்தார். முன்பின் ஆகியிருந்தால் என்னவென்று கணக்கிட எமக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவ்வியந்திரத்தின் பாகங்களை ஊர்காவற்றுறைப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். தோழர் போகவேண்டுமென்றார், யாமும் உடன் சென்றோம். பட்டறைக்காரர் எம்மிலும் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த 1990களிலே, மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓட்டிக் கை பழகியவர். அவர் டீசலை விசிறும் நொசில் ஒன்றைச் சோதனைப் பம்பிற் பூட்டிக் கையால் அழுத்திக் காட்டினார்.

“வாத்தியார், இஞ்ச பாருங்கோ. பனிப்புகார் மாதிரி விசிற வேணும். இது கண்ணீர் மாதிரி ஒழுகுது.”

“ஏன் அண்ணை அப்படி?”

“ஊசி தேய்ஞ்சு போச்சு. கண்ணுக்குத் தெரியாது. ஒழுக்குத்தான் சாட்சி.”

அவர் சொல்லியது உண்மை. ஊசியை வெளியே எடுத்தோம். வெயிலிற் பிடித்துப் பார்த்தோம். புதிதுபோலப் பளபளவென்று மின்னிற்று. ஊசிக்கும் அஃது இயங்கும் உறைக்கும் இடையேயுள்ள வெளி, மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டால் இரண்டு முதல் நான்கு கூறளவே இருக்கும் என்று தோழர் விளக்கினார். அக்கூறொன்றை மைக்கிரோமீற்றர் என்பர். அவ்விடத்தில் வேறு மசகெண்ணெய் இல்லை. ஓடுகின்ற டீசலே மசகு. டீசலில் நீரும் தூசியும் கலந்தால் மசகே அரமாகின்றது. அவர் அத்தேய்ந்த ஊசியைப் பொலித்தீனிற் சுற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். பட்டறைக்காரர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். வெளிநாட்டார் எதையும் நினைவுப் பொருளாகக் கொண்டுபோவர் என்று எண்ணினார் போலும்.

நான்கு திங்களின் பின் மின்னஞ்சலில் படங்கள் வந்தன.

அப்படங்கள் எத்தகையன என்பதை விளங்குதற்கு, அவற்றைப் பிடித்த கருவியைப்பற்றிச் சில சொல்லல் வேண்டும். எம் பாடசாலைகளில் உள்ளது ஒளி நுணுக்குக்காட்டி. வில்லையை எத்துணைச் செம்மையாகக் கடைந்தாலும், ஒளியின் அலைநீளத்திற் பாதியளவுக்குக் குறைந்தவற்றை அது பிரித்துக் காட்டாது. மில்லிமீற்றரைப் பத்திலட்சம் கூறிட்ட ஒரு கூறு நனோமீற்றர் எனப்படும். ஒளி நுணுக்குக்காட்டியின் எல்லை 200 நனோமீற்றர் என்க. வலையின் கண்ணிலும் சிறிய மீன் வலையிற் படாதது போலும் இது. இலத்திரன்களை 1,00,000 உவோற்று அழுத்தத்தில் விரைந்தோடச் செய்தால், அவையும் அலைபோல நடந்துகொள்ளும். அவ்வலையின் நீளம் 0.0037 நனோமீற்றர். கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் காந்தச் சுருளே அங்கு வில்லை. 1931 ஆம் ஆண்டு பேர்லினில் மாக்ஸ் நொல் என்பாரும் அவரிடம் பயின்ற ஏர்ண்ஸ்ற் ருஸ்கா என்னும் இருபத்துநான்கு வயது இளைஞரும் இத்தகைய கருவியை முதன்முதலில் அமைத்தனர். இரண்டாண்டுகளில் அது ஒளிக்கருவியை விஞ்சிற்று. நோபெல் பரிசு ருஸ்காவுக்கு 1986 இலேதான் கிடைத்தது. நொல் அதற்குப் பதினேழு ஆண்டுகளின் முன்னரே மறைந்துவிட்டார். எமது அயலில், கல்கத்தாவிலே நிரஜ்நாத் தாஸ்குப்தா 1940களிலேயே இத்தகைய கருவியொன்றை அமைத்தமை பலரும் அறியாத செய்தி.

கருவியில் இருவகை உண்டு. ஒன்று, பொருளின் மேற்பரப்பை இலத்திரன் கற்றையாற் கோடுகோடாக வருடி, மீண்டு வருவனவற்றைக்கொண்டு படம் அமைப்பது. அதனை வருடு வகை என்போம். கேம்பிறிட்ஜிற் சேர் சாள்ஸ் ஓட்லியின் குழுவினர் பல்லாண்டு உழைத்ததன் பயனாக 1965 இல் அது விற்பனைக்கு வந்தது. மற்றையது, மிக மெல்லிய சீவலினூடாக இலத்திரன்களைப் புகவிட்டுப் பார்ப்பது. அஃது ஊடுபுகு வகை. முன்னது ஏட்டின் முகத்தைப் படிப்பது போல. பின்னது ஏட்டுக்கட்டின் விளிம்பைப் பார்த்து உள்ளே எத்தனை ஏடு என்று எண்ணுவது போல.

முதற் படங்கள் எமது ஊசியினுடையவை. அவற்றைக் கண்டபோது யாம் அடைந்த வியப்பை மறைத்தற்கில்லை. வெயிலிற் பளபளத்த அவ்வூசியின் முகம், உழுது போட்ட வயல்போல இருந்தது. ஊசி மேலுங்கீழும் இயங்கிய திசையிலேயே நீண்ட சால்கள். சாலின் இருமருங்கும் ஒதுக்கிய வரம்புகள். ஆங்காங்கே துருவினால் அரித்த குழிகள். சில சால்கள் இடையிலே சட்டென்று முடிந்தன; முடிந்த இடத்தில் ஒரு துகள் புதைந்து கிடந்தது. ஓலையில் எழுத்தாணி கீறிய எழுத்து, கரி தடவிய பின்னரே கண்ணுக்குத் தெரிவது போல, பட்டறைக்காரர் ஒழுக்கைக்கொண்டு ஊகித்த தேய்வு எமக்கு இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது.

இலத்திரன் பட்ட இடத்திலிருந்து எக்சுக்கதிர்களும் எழுகின்றன. ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய சக்தியுடைய கதிரைத் தருமாதலின், புதைந்து கிடக்கும் துகள் யாதென்று அதனிடமே கேட்டறியலாம். சில துகள்கள் கல்சியம் என்றன; அது எம் தீவுகளின் முருகைக்கற் பொடி. சில இடங்களில் சோடியமும் குளோரீனும் தெரிந்தன, அது கடலுப்பு. சால் முடிந்த இடங்களிற் கிடந்தவையோ சிலிக்கனும் ஒட்சிசனும் என்றன, அது மணல். யாம் முருகைக்கல்லின்மீதே பழி சுமத்தினோம். தோழர் மறுத்தெழுதினார்: முருகைக்கல் உருக்கிலும் மென்மையானது, அதனால் உருக்கைக் கீற இயலாது, கீறியது மணல், அரித்தது உப்புநீர். விக்கர்சு என்னும் அளவையின்படி கடினப்படுத்திய உருக்கு 700 அல்லது 800. மணலாகிய படிகம் ஏறக்குறைய 1,100. 2022 ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டிலே, கிடைத்த டீசலைத் திறந்த கலன்களிற் சேமித்து வைக்கும் வழக்கம் எங்கும் புகுந்தது. தட்டுப்பாடு நீங்கிய பின்னும் கலன்கள் நீங்கவில்லை. அக்கலன்கள் கடற்கரையிலேயே கிடந்தன, மேற்கொண்டு சொல்லவேண்டுவதில்லை.

நிற்க. அடுத்து வந்த படங்கள் கரிப்பூச்சு அணிந்த வேறோர் ஊசியினுடையவை. தோழருடைய கூடத்திலே நெடுநேரம் ஓட்டிச் சோதிக்கப்பட்டது அவ்வூசி. இவ்விடத்திற் கரியின் இயல்பைச் சொல்லாது மேற்செல்லல் இயலாது. விஞ்ஞானிகள் கரி என்னாது காபன் என்பர். போகலையிலும் ககட்டகாவிலும் நமது நாட்டார் தோண்டியெடுக்கும் காரீயமும் காபனே. மோதிரத்து வைரமும் காபனே. காரீயத்தில் ஒவ்வோர் அணுவும் அயலணு மூன்றோடு கைகோத்துத் தட்டுத்தட்டாக அமைந்திருக்கும். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஆதலால் அது பென்சிலில் எழுதும். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அயலணுக்களைப் பற்றி நாற்புறமும் இறுகி நிற்கும். ஆதலால் அது கண்ணாடியை அறுக்கும். இவ்விருவகைப் பிணைப்பும் ஒழுங்கின்றிக் கலந்த காபன் படலம் ஒன்றுண்டு. 1971 இல் ஐசன்பேர்க், சாபொற் என்னும் இருவர் காபன் அயன்களைக் கற்றையாகச் செலுத்தி அத்தகைய படலத்தை ஆக்கி, வைரம் போன்றது என்று எழுதினர். வைரநிகர் காபன் என்று அதனை யாம் தமிழ்ப்படுத்துவோம். 1998 இல் ஜிலெட் நிறுவனம் வெளியிட்ட மூன்றலகுச் சவரக் கத்தியின் விளிம்பிலும் இது பூசப்பட்டமையின், வாசகருட் சிலர் தம் முகத்திலேயே இதனை உணர்ந்திருப்பர்.

இத்துணைக் கடினமான படலம் இருக்க, அதனுள்ளே உலோகத்தை விரவுதல் எற்றுக்கு? உலோகம் கலவாத ஐதரசன் காபன் படலத்தின் கடினம் 2,000 க்கு மேற்படும். தங்குதன் விரவியதோ 1,000 முதல் 1,500 வரையே. கடினத்தைக் குறைத்துக்கொள்ளுதல் பேதைமையன்றோ என்று எமக்குத் தோன்றிற்று. அவ்வாறே எழுதிக் கேட்டோம். தோழர் விடையாக ஒரு படத்தை அனுப்பினார். உலோகம் கலவாத படலம், உருக்கின் மேலிருந்து உலர்ந்த சுண்ணாம்புப் பூச்சுப்போல உரிந்து சுருண்டு கிடந்தது. படலம் வளரும்போது அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குதலால் உள்ளே பெரும் தகைப்பு ஏறுகின்றது. தடிப்பு மிகமிக அது தன்னைத்தானே உருக்கினின்றும் பெயர்த்துக்கொள்கின்றது. பெயர்ந்த துண்டுகள் மணலிலும் கடினமானவையாதலின், காக்க வந்ததே கீறத் தொடங்குகின்றது. உலோகம் விரவினால் அத்தகைப்புத் தணிகின்றது. படலம் சற்று விட்டுக்கொடுக்கும் இயல்பையும் பெறுகின்றது. 1980களில் ஜேர்மனியர் இவ்வகையை ஆராய்ந்து வெளியிட்டனர். 1990களின் பின்னர் டீசல் இயந்திரங்களின் உயரழுத்தப் பாகங்களிற் கரிப்பூச்சு பெருவழக்காயிற்று. 1997 இல் ஐரோப்பிய மோட்டார் வண்டிகளில் வந்த புதுமுறை விசிறிகளில், டீசலின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. கந்தகம் நீக்கிய டீசலின் வழுவழுப்போ குறைந்துபோயிற்று. வெற்றுருக்கு அதற்குத் தாங்கவில்லை.

பூச்சிடும் முறையும் சுவையானதே. காற்றை வெளியேற்றிய பெட்டியினுள்ளே ஆகன் வாயுவை மின்னேற்றி, தங்குதன் காபைட்டுப் பலகையின்மீது மோதவிடுவர். பலகையினின்றும் அணுக்கள் சிதறும். பட்டறைகளில் ஒட்டுவேலைக்கு எரிக்கும் அசற்றலீன் வாயுவையும் உள்ளே விடுவர். அது சிதைந்து காபனைத் தரும். இரண்டும் சேர்ந்து, உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஊசிகளின்மீது படியும். வெப்பம் 250 பாகைக்கு மேற்போகாது காப்பர். மேற்போனால் கடினப்படுத்திய உருக்கு இளகிவிடும்.

இனி, ஊடுபுகு கருவியின் படத்துக்கு வருவோம். அதற்கு வேண்டிய சீவல் 100 நனோமீற்றருக்கு மேற்படாத தடிப்புடையதாக இருத்தல் வேண்டும். பூச்சின் முகத்திலே முதலிற் பிளாற்றினப் போர்வை ஒன்றை இட்டு, கலியம் அயன் கற்றையை உளியாகக்கொண்டு இருமருங்கும் செதுக்கி, நடுவே நிற்கும் சுவரை நுண்ணூசியால் ஒட்டி எடுப்பார்களாம். இதைப் படித்தபோது எமக்கு மூச்சு நின்றது. சிறுபிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கையிலேயே கூர் உடைந்துபோவது எம் அனுபவம்.

அச்சீவலின் படத்தை அடியிலிருந்து மேலாகப் படிக்கவேண்டும். அடியிலே உருக்கு. அதன்மேற் குரோமியப் படை. அஃது உருக்கையும் பூச்சையும் ஒட்டுவிக்கும் பசை போன்றது. நேரான தூண்கள் நெருங்கி நின்றாற்போல வளர்ந்திருக்கின்றது. அதன்மேல் உலோகம் மிகுந்து காபன் குறைந்த படை. மேலே செல்லச்செல்ல உலோகம் குறைந்து காபன் மிகுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு மைக்கிரோமீற்றர் தடிப்பிற் கரிக்கவசம். அக்கவசம் முழுதும் மெல்லிய கருங்கோடும் வெண்கோடும் மாறிமாறி வந்தன, வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்கள்போல. எடைமிக்க தங்குதன் இலத்திரனைச் சிதறடித்தலாற் கறுப்பாகத் தெரியும்; காபன் வெளுப்பாகத் தெரியும். பெட்டியினுள்ளே ஊசி ஒவ்வொரு முறையும் பலகைக்கு எதிரே சுழன்று வந்தபோது ஒரு கருங்கோடு. அப்பாற் சென்றபோது ஒரு வெண்கோடு. ஊசி எத்தனை சுற்றுச் சுற்றிற்று என்பதைக் கோடுகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

இன்னும் பெரிதாக்கிய படத்தில், கருங்கோடே மணிமணியாகப் பிரிந்தது. ஒவ்வொரு மணியும் இரண்டு முதல் ஐந்து நனோமீற்றர் அகலமுள்ள தங்குதன் காபைட்டுப் பளிங்கு. சில மணிகளினுள்ளே அணுக்களின் வரிசைகள்கூட இணைகோடுகளாகத் தெரிந்தன. மணிகளைச் சூழ்ந்திருந்த காபனில் எவ்வகை வரிசையும் இல்லை; ஊறவைத்த உழுந்தை அரைத்த மாப்போல இருந்தது. இலத்திரன்களின் கோணலாக்கப் படம் இதையே வேறு மொழியிற் கூறிற்று: பளிங்குகளுக்குக் கூரிய வளையங்கள், காபனுக்கு மங்கிய ஒளிவட்டம். காபனூடு புகுந்த இலத்திரன் இழக்கும் சக்தியை அளந்தால், 285 இலத்திரன் உவோற்று அளவில் ஒரு சிறு கொடுமுடி தோன்றும். அது காரீயப் பிணைப்பின் அடையாளம். அதன் உயரத்தைக்கொண்டு காரீயப் பாங்கு எவ்வளவு, வைரப் பாங்கு எவ்வளவு என்று மதிப்பிடுவர்.

தேய்ந்த இடத்தின் படமே எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பூச்சணிந்த ஊசியின் உராய்ந்த முகம் மழமழவென்றிருந்தது. அதனோடு உராய்ந்த எதிர்ப்பாகத்தில் பூச்சு எதுவும் இடவில்லை. ஆயினும் அதன்மீது மெல்லிய கரும்படலம் ஒன்று படிந்திருந்தது. ஊசியின் கவசம் தன்னிற் சிறிதை எதிரிக்குக் கொடுத்திருக்கின்றது. கொடுத்த காபன், உராய்வின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் காரீயப் பாங்கு மிகுந்ததாக மாறிவிடுகின்றது. அதன் பின்னர் உராய்வது உருக்கும் கரியும் அன்று, கரியும் கரியுமே. உலர்ந்த உருக்கோடு உருக்கு உராயும்போது குணகம் 0.6 அளவினது, இங்கே 0.1 முதல் 0.2 வரை. தேயாமை என்று நாம் சொல்வது, மிகச் சிறிதாகத் தேய்ந்து, தேய்ந்ததை வீணாக்காமல் எதிர்ப்பக்கத்திற் படியவைத்தலே என்பது எமக்கு அப்போது விளங்கிற்று. பூச்சின் கடினத்தை அளப்பதற்கு நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. வைரக்கூர் கொண்டு அழுத்தி அளந்துவிடலாம். ஆனால் இக்கொடுக்கல் வாங்கலைக் கண்ணாற் காணாமல் எவர் ஊகித்திருப்பார்?

ஆயினும் கருவியை முற்றும் நம்பிவிடலாகாது என்று தோழரே எச்சரித்தார். செதுக்கும் அயன் கற்றை, சீவலின் இருமுகத்தையும் சிறிது சிதைத்து வரிசையற்றதாக்கிவிடும். பளிங்கைச் செதுக்கினால் சிதைந்த பகுதி வேறுபட்டுத் தெரியும்; இங்கோ காபன் தானே வரிசையற்றது. கண்டது பூச்சா, செதுக்கினதால் வந்த புண்ணா என்று தெளிதல் எளிதன்று. வன்மையான இலத்திரன் கற்றையை நெடுநேரம் ஒரே இடத்தில் நிறுத்தினால் ஐதரசன் வெளியேறி, காபனே காரீயப் பாங்குக்கு மாறுதலும் உண்டு. ஆதலால் குறைந்த கற்றையில், விரைந்து, பல இடங்களிற் படம் பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிபு கூறுவராம். ஒரே சுவடியை நம்பிப் பாடங் கொள்ளாது, கிடைத்த சுவடிகளையெல்லாம் ஒப்புநோக்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் இதை எளிதில் விளங்கியிருப்பார். தமிழ்நாட்டுக் கல்பாக்கத்திலுள்ள இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் இத்தகைய காபன் படலங்களின் உராய்வையும் தேய்வையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். தமிழ் வழங்கும் நிலத்திலேயே நடைபெறும் இவ்வாராய்ச்சியைத் தமிழிற் படிக்க நேரவில்லையே என்பது எமது குறை.

அக்குறையினாலேயே, படங்களின் அடியில் தோழர் எழுதியிருந்த பிறமொழிக் குறிப்புக்களை எம் பாடசாலை உயர்தர மாணவர்க்கென்று தமிழாக்கத் தொடங்கினோம். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் பெருந்துணையாயின. இலத்திரனும் கோணலும் தகைப்பும் அவர்கள் தந்த சொற்களே. ஓரிடத்தில் மட்டும் மாறுபட்டோம். ஒரு பொருளில் வேறொன்றைச் சிறிதளவு சேர்த்தலை மாசூட்டல் என்று இக்காலத்தார் எழுதுகின்றனர். மாசு என்பது குற்றம். இங்கே சேர்க்கப்படும் தங்குதன் குற்றமன்று; பூச்சைப் பெயராமற் காப்பது அதுவே. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் நிற்கும் பெயரைத் தொல்காப்பியர் விரவுப்பெயர் என்றார். இரண்டு இயல்பும் கெடாமல் ஒன்றில் நிற்றலுக்கு அதனினும் பொருத்தமான சொல் எமக்கு அகப்படவில்லை. உலோகம் விரவிய காபன் பூச்சு என்றே எழுதினோம். விஞ்ஞான ஆசிரியர் சற்று முகஞ்சுளித்தார். பரீட்சைத் திணைக்களம் ஏற்குமோ என்பது அவர் கவலை. அதுவும் நியாயமே.

படங்களை அச்சிட்டு ஊர்காவற்றுறைப் பட்டறைக்கும் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். உழுத வயல் போன்ற முதற் படத்தைக் கண்டு, “நான் சொன்னதுதானே” என்றார். பின்பு, யாம் எதிர்பார்த்திருந்த கேள்வியையே கேட்டார்: “எங்கட ஊசியளை அனுப்பினா இந்தக் கறுப்பைப் பூசித் தருவினமோ?”

இக்கேள்வியை யாம் முன்னரே தோழருக்கு எழுதியிருந்தோம். விடை மனத்துக்கு இனியதன்று. எமது இயந்திரங்களின் ஊசியும் உறையும் இணையாகக் கடைந்து பொருத்தியவை. இடையிலுள்ள வெளி இரண்டு முதல் நான்கு மைக்கிரோமீற்றர். ஊசியின் இருபக்கமும் இரண்டிரண்டு மைக்கிரோமீற்றர் பூச்சேறினால் அவ்வெளி முழுதும் அடைபட்டு ஊசி இறுகிவிடும். பூச்சுக்கென்று முதலிலேயே சிறுக்கக் கடைந்த ஊசிக்கே அது பொருந்தும். அன்றியும், தேய்ந்து சால்விழுந்த முகத்தின்மீது பூசினால் சாலின் வடிவிலேயே பூச்சும் அமையும். இவை யாவும் நீங்கினும், டீசலில் மணல் வந்துகொண்டிருக்கும்வரை எந்தக் கவசமும் நெடுநாள் நில்லாது. பூச்சின் தடிப்பிலும் பெரிய மணல் அழுந்தும்போது, கீழுள்ள உருக்கு குழிய, மேலுள்ள பூச்சு வெடிக்கும். வெடித்த படத்தையும் தோழர் அனுப்பியிருந்தார். முதலில் டீசலை வடியுங்கள், நீரைப் பிரியுங்கள் என்பதே அவர் எழுதியது.

பட்டறைக்காரர் வெடித்த பூச்சின் படத்தை நெடுநேரம் வைத்துப் பார்த்தார். அதன் பின் அவர் செய்தது இது. கலன்களுக்கு மூடி இடுவித்தார். கொண்டுவந்த டீசலை ஒருநாள் அசையாது வைத்து, அடியில் ஒரு சாண் விட்டு மேலுள்ளதையே எடுக்கும்படி படகுக்காரருக்குச் சொன்னார். இயந்திரத்துக்கு முன்னே நீர் தங்கும் கண்ணாடிக் கிண்ணமுள்ள வடியொன்றைப் பூட்டினார். உழுத வயல் போன்ற அப்படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். கலனைத் திறந்து வைப்போருக்கு அதைச் சுட்டிக் காட்டுவாராம்.

எமது சொற்பட்டியலையும் அவரிடம் படித்துக் காட்டினோம். உலோகம் விரவிய காபன் பூச்சு என்ற இடத்தில் அவர் தலையை ஆட்டினார். “பூச்சு எண்டால் உரியும் வாத்தியார். இது உரியாமல் பிடிச்சு நிக்குது எண்டல்லோ சொல்லுறியள். கரித்தோல் எண்டு போடுங்கோ.” பட்டியலில் அதனையும் சேர்த்துக்கொண்டோம்.